கப்பலேறிய பெயர்: வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பப் பெயரின் வேரைத் தேட முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோவெண்டர், பிஜியின் சுவாவில் கவுண்டர், ரீயூனியனில் வீரப்பூலே, மொரிசியசில் வீராசாமி. எல்லாமே தமிழ்ப் பெயர்கள்தான். ஆனால் தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் கிடையாது. அப்பா பெயர் பிள்ளைக்குத் தலைப்பெழுத்து ஆகும், பேரன் காலத்தில் அந்த எழுத்தும் மாறிவிடும். பட்டப்பெயர் இருந்தவர்களிலும் பலர் அதை விட்டுவிட்டார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானமே போட்டார்கள். கடல் கடந்து போனவர்களுக்குத்தான், அந்த நாட்டு அலுவலகம் கேட்டதற்காக, ஏதோ ஒரு பெயர் அப்படியே நிலைத்துப்போனது.

அதனால் இந்தத் தேடலில் முதலில் சரி செய்ய வேண்டியது கேள்வியை. “என் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று தேடினால் ஒரு சாதிப் பட்டத்திலோ சாமி பெயரிலோ போய் நிற்பீர்கள். அதே பெயர் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இருக்கும். “இந்தப் பெயர் எந்தத் தாளில், யார் காலத்தில், முதன்முதலாகக் குடும்பப் பெயர் ஆனது?” என்று தேடினால் ஒரு மனிதரிடம் போய்ச் சேர்வீர்கள். அவரிடமிருந்து ஒரு கப்பல், ஒரு தாலுகா, அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஊர். கீழே உள்ள வழிமுறை முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்கானது. ஆவணங்கள் ஓரளவு முழுமையாகக் கிடைக்கும் நேட்டாலை, அதாவது தென்னாப்பிரிக்காவில் உள்ள இன்றைய குவாசுலு-நட்டாலை, முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாடுகள் நடுவில் வரும்.

முதல் படி: பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் வயதான பெண்களிடம் பேசுங்கள். பெண்கள் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த வீட்டில் கொடுத்தோம், யார் யாருக்கு என்ன முறை என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் நினைவில்தான் இருக்கும். ஆண்கள் தாத்தாவின் வீரத்தைச் சொல்வார்கள், பாட்டிகள் தாத்தாவின் தங்கை யாரைக் கட்டினாள் என்று சொல்வார்கள். தேடலுக்கு உதவுவது இரண்டாவதுதான்.

“நாம எந்த ஊர்?” என்று நேராகக் கேட்டால் “மெட்ராஸ்” என்று பதில் வரும். அது கப்பல் ஏறிய துறைமுகம், ஊர் அன்று. சுற்றி வளைத்துக் கேளுங்கள். குலதெய்வம் எது? முதல் மொட்டை யார் பெயரில் அடிப்பார்கள்? வீட்டில் தெலுங்கு பேசியவர்கள் உண்டா? எந்தத் தோட்டத்தில், எந்த மில்லில் வேலை பார்த்தார்கள்? கப்பலில் கூட வந்தவர்கள் யார்? இந்தக் கடைசிக் கேள்வி பொன்னானது. ஒரே கப்பலில் வந்தவர்களை உறவுமுறை வைத்து அழைத்துக்கொண்ட வழக்கம் இருந்தது. ரத்த உறவு இல்லாத “சித்தப்பா” ஒருவர் குடும்பக் கதையில் இருந்தால், அவருடைய கப்பலைக் கண்டுபிடித்தாலே உங்கள் கப்பலும் கிடைத்துவிடக்கூடும்.

ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள். “திருப்பத்தூரா, திருப்போரூரா?” என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவர்கள் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவார்கள், அப்புறம் அதுவே குடும்ப வரலாறாகிவிடும். காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதி, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். கைபேசியில் பதிவு செய்வது இன்னும் நல்லது.

இதோடு வீட்டில் இருக்கும் தாள் ஒன்றையும் விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், பழைய பாஸ்போர்ட், நிலப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல், கோயில் நன்கொடைப் பலகை. கல்யாணப் பத்திரிகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசாங்கத் தாளில் வராத முழுப் பெயரும் பட்டமும் அதில் தமிழெழுத்தில் இருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் பெயர் எந்த வகை?

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். எந்த வகை என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும்.

முதல் வகை பட்டம். பிள்ளை, முதலி, கவுண்டர், நாயக்கர், செட்டி, படையாட்சி, உடையார், நாயுடு, ரெட்டி. தென்னாப்பிரிக்காவில் முதலி என்பது மூட்லி ஆனது, கவுண்டர் ஒரு பக்கம் கவுண்டன் என்றும் இன்னொரு பக்கம் கோவெண்டர் என்றும் பிரிந்தது. பட்டம் ஊரைக் காட்டாது. ஒரே பட்டத்தை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல சமூகங்கள் வைத்துக்கொண்டிருந்தன. கவுண்டர் என்றதும் கொங்கு நாட்டுக்குப் போய்விட வேண்டாம். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம் பகுதிகளில் வன்னியர்களும் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள், வேறு சிலரும் போட்டுக்கொள்வார்கள். நாயுடு, ரெட்டி என்றால் வீட்டு மொழி தெலுங்காக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் “இண்டிபேரு” என்ற வீட்டுப்பெயர் ஏதாவது பெரியவர்கள் நினைவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது கிடைத்தால் பட்டத்தைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இரண்டாம் வகை, ஒரு முன்னோரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் ஆனது. முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி, மாரிமுத்து, ஆறுமுகம், எல்லப்பன், சின்னசாமி, வீராசாமி. தேடுபவருக்கு இந்த வகைதான் வரம். இப்படி ஒரு பெயர் நிலைத்திருந்தால் அந்தப் பெயருள்ள ஒரு மனிதர் உண்மையாகவே வாழ்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அவர் கப்பலேறியவராகவோ, கப்பலேறியவரின் அப்பாவாகவோ இருப்பார்.

மூன்றாவது, பிரெஞ்சு ஆட்சியில் எழுதப்பட்ட பெயர். பிள்ளை அங்கே “பூலே” ஆனது. குவாதலூப்பிலும் மர்த்தினிக்கிலும் முத்துசாமி “மூத்தூசாமி” ஆனது. புதுச்சேரிக்கு இதில் தனிக் கதை உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்கப்படி இருந்த தனிச் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சிலர் முழு பிரெஞ்சுப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சு, முகம் தமிழ் என்றால் அந்தத் துறப்புப் பதிவைத்தான் முதலில் தேட வேண்டும். பெயர் பிறந்த தேதியே அதில் இருக்கும்.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயரானது குறைவு. ஆனால் ஒரே ஆளுக்கு மூன்று விதமாகப் பெயர் வழங்கும் என்பதற்கு தில்லையாடி வள்ளியம்மை நல்ல சாட்சி. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22இல் இறந்த அந்தப் பெண்ணைத் தமிழ்நாடு தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயரால் நினைக்கிறது. காந்தி எழுதும்போது அப்பாவின் பெயரும் முதலியார் பட்டமும் சேர்த்து எழுதுகிறார். வள்ளியம்மை என்று மட்டும் தேடினால் ஒரு பட்டியலிலும், முதலியார் என்று தேடினால் இன்னொரு பட்டியலிலும்தான் கண்ணில் படுவார். உங்கள் வீட்டு முன்னோரும் அப்படித்தான்.

மூன்றாம் படி: பெயர் உறைந்த தாளைப் பிடியுங்கள்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. பொறுமையாக இருங்கள், ஒரு தலைமுறையையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

உங்கள் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி அப்பாவின் சான்றிதழுக்கும், அதிலிருந்து தாத்தாவின் திருமணப் பதிவுக்கும், அதிலிருந்து அவருடைய பிறப்புப் பதிவுக்கும் போங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆளின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவருடைய அப்பாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, ஏதாவது எண் இருக்கிறதா (அது என்ன எண் என்பது நான்காம் படியில் வரும்).

இப்படி வைத்துக்கொள்வோம். இது நானாக அமைத்த உதாரணம். டர்பனில் ஒரு குடும்பத்துக்கு முனுசாமி என்பது குடும்பப் பெயர். பேரனின் சான்றிதழில் அது கடைசிப் பெயர். அவருடைய அப்பாவுக்கும் அப்படியே. தாத்தாவின் திருமணப் பதிவில் “கோவிந்தன் முனுசாமி” என்று இருக்கிறது. தாத்தாவின் பிறப்புப் பதிவில் வெறும் “கோவிந்தன்”, தகப்பன் பெயர் “முனுசாமி”, பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டீர்கள். பிறப்புப் பதிவுக்கும் திருமணப் பதிவுக்கும் நடுவில் எங்கேயோ, பள்ளியிலோ தோட்ட அலுவலகத்திலோ, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. கப்பலில் வந்தவர் முனுசாமி. அந்த எண் அவருடையது.

இதே உதாரணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். கோவிந்தனுக்கு ஒரு தம்பி. அவரைப் பள்ளியில் சேர்த்தவர் பட்டத்தைச் சொல்லிவிட்டார், அதனால் அவர் வம்சம் முழுவதும் கோவெண்டர். முனுசாமியின் தங்கை மகன் அவன் அப்பா பெயரால் பெருமாள். மூன்று குடும்பமும் ஒரே ரத்தம், மூன்றுக்கும் வேறு பெயர். எதிர்ப்பக்கம், அதே தெருவில் இருக்கும் இன்னொரு முனுசாமி குடும்பத்துக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து இணையத்தில் உள்ள வம்ச மரங்களை இணைத்துக்கொண்டே போகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சங்கிலியை ஓட்ட மிகவும் உதவும் தாள் இறப்பு அறிவிப்பு. இறந்தவரின் சொத்துக் கோப்போடு சேர்த்து வைக்கப்படும் படிவம் அது. அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், துணையின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்பார்கள். சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கின்றன. தேசியக் காப்பகத்தின் கணினி அட்டவணையில் பெயர் போட்டு வீட்டிலிருந்தே தேடலாம். பல பதிவுகளின் படங்கள் வம்சாவளித் தேடலுக்கான ஃபேமிலிசெர்ச் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் ஒன்று: அந்தப் படிவத்தை நிரப்பியவர் இறந்தவர் அல்லர், துக்கத்தில் இருந்த ஒரு மகனோ மருமகனோ. பிள்ளைகளின் பெயரை முழுதாக நம்பலாம், பெற்றோரின் பெயரைப் பாதி நம்பலாம், பிறந்த ஊரை வேறொரு தாளோடு ஒப்பிட்ட பிறகு நம்பலாம்.

பழைய திருமணங்கள் பதிவில் கிடைக்காவிட்டால் திகைக்க வேண்டாம். நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் பலவும் அரசாங்கத்தில் பதிவாகவே இல்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு அப்படிப்பட்ட திருமணங்களைச் சட்டப்படி செல்லாதவையாக்கியது. அதை எதிர்த்துப் பெண்களே போராட்டத்தில் இறங்கினார்கள். 1914 சட்டம்தான் அதற்கு ஓரளவு தீர்வு தந்தது. ஆகவே அந்தக் காலத்துக் குழந்தை ஒன்று தாயின் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால், அதை வைத்து அந்தப் பெண்ணைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். தாயின் எண்ணை வைத்துத் தேடலைத் தொடருங்கள்.

எழுத்து மாறுவது எப்படி?

கப்பல் பட்டியலை எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். அவருக்கு ழ, ள, ல மூன்றும் ஒன்று. ப என்று கேட்டது ஒரு நாள் ஆங்கில P எழுத்தானது, இன்னொரு நாள் B எழுத்தானது. உகரத்துக்கு ஆங்கில O எழுத்தை இரண்டு தரம் போடும் பழக்கம் இருந்ததால் முனுசாமி “மூன்சாமி” ஆனார், குப்புசாமி “கூப்பூசாமி” ஆனார். கடைசியில் உள்ள ன், ள், ர் உதிரும், இல்லாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கையெழுத்தில் ஆங்கில u எழுத்தும் n எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும்.

அதனால் தேடும் பெயரை முதலில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழே தெரியாத ஒருவர் அதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார் என்று ஒரு தாளில் எழுதி, அத்தனையையும் தேடுங்கள். தேடுதளத்தில் நட்சத்திரக் குறி போட இடம் இருந்தால் பெயரின் முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொண்டு தேடுவது நல்லது. அப்படியும் கிடைக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயர், ஊர், கப்பல் என்று வேறு பத்தி வழியாக நுழையுங்கள்.

நான்காம் படி: எண், கப்பல், பட்டியல்

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, இடையில் 1866 முதல் 1874 வரை நின்றுபோன காலம் தவிர, 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், மற்றவர்கள் கல்கத்தா வழியாக. இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. சம்பளம், திருமணம், பிள்ளை பிறப்பு, புகார், ஊர் திரும்பும் பயணம், இறப்பு என்று எல்லாத் தாளிலும் அந்த எண்தான் ஆளை அடையாளம் காட்டியது. பெயர் நூறு விதமாக மாறும், எண் மாறாது. ஆட்களை எண்ணாக்கிய கொடுமைதான் அது. பேரப்பிள்ளைகளுக்கு இன்று கையில் கிடைக்கும் உறுதியான பிடியும் அதுவே.

எண் தெரிந்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். இவற்றின் மூலப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்கக் காப்பகங்களில் இருக்கின்றன; கணினியில் ஏற்றிய வடிவமும் உண்டு. டர்பனில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் இந்திய வம்சாவளியினரின் ஆவணங்களுக்கென்றே உள்ள இடம், அங்கேயும் கேட்கலாம். கணினிப் பட்டியலில் கண்டுபிடித்தாலும் மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் இரண்டாம் முறை பிழை செய்திருக்கக்கூடும்.

ஒரு வரியைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா அல்லது தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம். “இடது முழங்காலில் தழும்பு” போன்ற ஒரு குறிப்பு அங்கே இருக்கும். புகைப்படம் இல்லாத ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே சேதி அதுவாக இருக்கலாம். வயதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேலைக்குத் தகுந்த வயதைச் சொல்லச் சொல்லி அழைத்து வந்தவர்கள் உண்டு.

உங்கள் ஆளின் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் அதற்கு மேலும் கீழும் இருபது வரி படியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள், கணவன் மனைவி அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். அதே ஊர் நாலு வரியில் வந்தால் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது உண்மையான ஊர்ப்பெயர் பிடிபடும்.

பெண்களின் வரியையும் தனியாகத் தேடுங்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது வர வேண்டும் என்று விதி இருந்தது. தனியாக வந்த பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் தனி எண், அப்பா பெயர், ஊர் எல்லாம் உண்டு. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பாட்டிகளை மொத்தமாக இழந்துவிடுகிறார்கள். பல குடும்பங்களில் தாத்தாவின் ஊர் படிக்க முடியாமல் அழிந்திருக்கும், பாட்டியின் ஊர் தெளிவாக இருக்கும்.

பட்டியலில் பெயரே இல்லாவிட்டால்? உங்கள் முன்னோர் சொந்தச் செலவில் வந்த “பயணி இந்தியர்” ஆக இருக்கலாம், அல்லது மொரிசியஸ் வழியாக வந்திருக்கலாம். காந்தியோடு நின்ற தம்பி நாயுடு மொரிசியசில் 1875இல் பிறந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நேட்டால் பட்டியலில் எத்தனை ஆண்டு தேடினாலும் எதுவும் கிடைக்காது.

வேறு நாடு என்றால் எங்கே தேடுவது?

மொரிசியசுக்கு 1834 முதல் வந்தவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கேயும் ஆளுக்கொரு எண். 1860களுக்குப் பிறகு வந்தவர்களில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஆனால் தமிழர்கள் அந்தத் தீவுக்கு அதற்கும் நூறாண்டு முன்பே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாகப் போயிருக்கிறார்கள். பழைய கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம் என்றால் தேவாலயப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்.

ரீயூனியனுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் பிரெஞ்சுக் காப்பகம் பெரிய உதவி. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசியக் காப்பகம் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை கப்பல் போனது. சென்னையிலிருந்து தென்னிந்தியர்களை ஏற்றிச் சென்றது 1903 முதல்தான். குடியேற்ற அனுமதிச் சீட்டில் ஜில்லா, தாலுகா, கிராமம், அப்பா பெயர் எல்லாம் இருக்கும். பிரதிகள் சுவாவில் உள்ள தேசியக் காப்பகத்தில் கிடைக்கும்.

மலேசியா, சிங்கப்பூரில் கதையே வேறு. அங்கே பெரும்பாலானோருக்கு இன்றும் நிலையான குடும்பப் பெயர் கிடையாது, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றுதான் பதிவு. கங்காணி அழைத்து வந்தவர்களுக்கு நேட்டால் போன்ற எண் வரிசை எதிர்பார்க்காதீர்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட், குடியுரிமை விண்ணப்பம், தோட்டத்துப் பள்ளிப் பதிவேடு இவைதான் வழி. கங்காணியின் ஊரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அவர் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்.

இலங்கை மலையகத்துக்கும் இந்தக் கங்காணி விதி பொருந்தும். பழைய வீடுகளில் “துண்டு” என்று சொல்லும் பழைய தோட்டச் சீட்டு எதையாவது வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த விண்ணப்பங்களிலும், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களின் பாஸ்போர்ட், குடும்ப அட்டைகளிலும் பூர்வீக ஊர் எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் படி: பழைய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் வையுங்கள்

பட்டியலில் “நார்த் ஆர்க்காட்” என்று இருந்தால் வேலூருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகி, இன்று ஆந்திராவில் இருக்கிறது. மிச்சமிருந்த பகுதி 1989இல் வேலூர், திருவண்ணாமலை என்று பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வந்தன. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது, அப்புறம் கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகி, 2019இல் செங்கல்பட்டு மறுபடி வந்தது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பிரிந்தன. அன்றைய சேலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம்.

ஆகவே ஜில்லாவைவிடத் தாலுகா முக்கியம். தாலுகாவைக் கண்டுபிடித்து அதன் பழைய எல்லைக்குள் இருந்த கிராமப் பட்டியலை எடுங்கள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியாகக் கிராமப் பெயர்கள் இருக்கும். பட்டியலில் உள்ள சிதைந்த ஒலியோடு ஒத்துப்போகும் கிராமங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்லூர், புதூர், பாளையம் என்று முடிந்தால் ஒரே தாலுகாவில் பல ஊர் சிக்கும். அங்கே அடுத்த படி உதவும்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசுக் கோப்புகளும், நில அளவைப் பதிவேடுகளும் இருக்கின்றன. நில அளவைப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் சர்வே எண்ணோடு இருக்கும். ஆனால் கப்பலேறியவர்களில் மிகப் பலர் நிலமில்லாதவர்கள். பட்டாவில் பெயர் இல்லை என்பதை வைத்து அந்த ஊர் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆறாம் படி: குலதெய்வம் என்ற முகவரி

பஞ்சத்தில் வீடு போகும், நிலம் போகும், பட்டம் மாறும், குலதெய்வம் அவ்வளவு எளிதில் மாறாது. அங்காளம்மன், மாரியம்மன், முனீஸ்வரன் என்று பொதுப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டால் போதாது. அந்தச் சாமிக்கு முன்னால் ஏதாவது சொல் உண்டா, கூட எந்தச் சாமி நிற்கும், படையலில் எதை வைக்கக் கூடாது, எந்த மாதத்தில் கும்பிடுவார்கள் என்று கேளுங்கள். குறித்துவைத்த கிராமங்களில் இந்த விவரங்கள் ஒத்துப்போகும் கோயில் எதில் இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

சில சமூகங்களில் இது இன்னும் துல்லியம். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை ஒன்பது கோயில்கள், எந்தக் கோயில் என்று தெரிந்தாலே கிளை தெரிந்துவிடும். கொங்கு வேளாளருக்குக் கூட்டம் என்ற குலப்பிரிவும் காணிக் கோயிலும் உண்டு. இவர்கள் குடும்பப் பெயரைத் தேடுவதைவிடக் கோயிலைத் தேடுவதே வேகமான வழி.

சாதிப் பத்தியைப் படிக்கும்போது

குடும்பப் பெயர் ஒன்றைச் சொல்லும், கப்பல் பட்டியலின் சாதிப் பத்தி வேறொன்றைச் சொல்லும். இது அடிக்கடி நடக்கும். இழிவாக நடத்தப்பட்ட மனிதர் ஒருவர், தன்னை யாருக்கும் தெரியாத மண்ணில் இறங்கியதும் மரியாதையான ஒரு பட்டத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்றால், அவர் செய்தது ஒரு விடுதலைச் செயல் என்றே நான் நினைக்கிறேன். எதிர்த்திசையிலும் நடந்தது. வயல் வேலைக்கு ஆகமாட்டார் என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து தன் சாதியை மறைத்துச் சொன்னவர்களும் உண்டு. எழுத்தர் தனக்குத் தெரிந்த நாலைந்து சாதிப் பெயருக்குள் எல்லாரையும் அடைத்ததும் உண்டு.

அந்தப் பத்தியில் உள்ளதை உங்கள் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஊரைக் கண்டுபிடிக்க அது உதவும். குடும்பக் கூட்டத்தில் அதைப் பகிரும் முன் பெரியவர்களோடு தனியாகப் பேசுங்கள். இணையத்தில் பொதுவில் போடுவதாக இருந்தால், உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும்.

டிஎன்ஏ சோதனையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரித் தெரியும். தாள்களை வைத்து ஓரளவு கண்டுபிடித்ததை உறுதிப்படுத்த வேண்டுமானால் பயன்படுத்தலாம். அதிலிருந்தே தொடங்க வேண்டாம்.

கடைசிப் படி: ஊருக்குப் போகும்போது

ஊர் ஓரளவு உறுதியானதும் போகத் தோன்றும். போங்கள். ஆனால் “எங்க தாத்தா இந்த ஊர்தான்” என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றால் ஊரார் மனதில் முதலில் எழும் கேள்வி, நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்பதுதான். இது நியாயமான பயம். அதனால் பட்டா, சிட்டா என்ற பேச்சை முதல் நாள் எடுக்கவே எடுக்காதீர்கள். கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுப் பூசாரியிடம் பேசுங்கள். கையில் கப்பல் பட்டியலின் அந்த ஒரு பக்கத்தின் நகலும், வந்தவரின் பெயர், அவர் அப்பா பெயர், புறப்பட்ட ஆண்டு இந்த மூன்றும் பெரிய தமிழெழுத்தில் எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும்.

உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லித் தேடினால் ஊரில் யாருக்கும் தெரியாது, அந்தப் பெயர் அங்கே பிறக்கவே இல்லை. “ராமசாமி மகன் முனுசாமி, கப்பலுக்குப் போனவர், திரும்பி வரலை” என்று சொல்லிக் கேளுங்கள். பெரியவர்கள் யாராவது “எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தரு அப்படிப் போனாருன்னு சொல்வாங்க” என்றால் உடனே சொந்தம் கொண்டாடிவிடாமல், அந்தப் பாட்டனின் பெயர், அவருடைய அப்பா பெயர், கும்பிடும் சாமி மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு உங்கள் தாள்களோடு ஒப்பிடுங்கள். மூன்றில் இரண்டாவது ஒத்துப்போனால் மறுநாள் அதே வீட்டுக்கு மறுபடி போங்கள். இந்த முறை அந்த வீட்டுப் பாட்டியிடம் பேசுங்கள்.